கண்ணுக்கு ஊசி, ரத்தத்துக்கு மாத்திரை: விழித்திரை மருத்துவர் பதில்கள்

விழித்திரை ரத்தக்குழாய் அடைப்பு பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால் கண்ணுக்கு என்ன ஆகும்? அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். நோய் விவரம் என்பதால் பெயர், ஊர் எதுவும் போடவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். அவரவர் கண்ணை நேரில் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் புகை படர்ந்த மாதிரி இருந்தது. வலி துளியும் இல்லை. தூசி என்று நினைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டேன். விழித்திரையின் மையச் சிரை அடைத்துக்கொண்டது என்கிறார்கள். முன்பு இரண்டு முறை எனக்குக் கரு கலைந்திருக்கிறது. அதைக் கேட்டதும் மருத்துவர் வேறு சில ரத்தப் பரிசோதனைகளை எழுதினார். கண்ணுக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்ட மருத்துவருக்கு முதலில் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். கண் பரிசோதனைக்கு வந்த பெண்ணிடம் கரு கலைந்ததைப் பற்றி விசாரிக்க எங்கள் ஆட்களில் பலருக்குத் தோன்றுவதில்லை.

விழித்திரைக்குள் ரத்தம் ஒரே ஒரு முக்கியத் தமனி வழியாக வருகிறது, ஒரே ஒரு முக்கியச் சிரை வழியாக வெளியேறுகிறது. இரண்டும் பார்வை நரம்புக்குள் பக்கத்தில் பக்கத்தில், இடுக்கான இடத்தில் ஓடுகின்றன. அந்த இடத்தில்தான் பெரும்பாலும் சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைக்கிறது. வரும் வழி திறந்திருக்கிறது, போகும் வழி மூடிவிட்டது. அழுத்தம் ஏறி ரத்தம் விழித்திரைக்குள் கசிகிறது. கண்மணியை விரித்துப் பார்த்தால் சிரைகள் நான்கு திசையிலும் புடைத்து நெளிந்து கிடக்கும். அவற்றையொட்டிக் கீற்றுக் கீற்றாகச் சிவப்பு. நடுவில் மேகுலா, அதாவது எழுத்துப் படிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் புள்ளி, நீர் கோத்து வீங்கியிருக்கும். நீங்கள் பார்த்த புகை அதுதான். விழித்திரையில் வலி நரம்பு கிடையாது. அதனால்தான் வலிக்கவில்லை, அதனால்தான் நீங்களும் நாளைக் கடத்தினீர்கள்.

60 வயதைத் தாண்டியவருக்கு இது வந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கண் நீர் அழுத்தம் என்று வழக்கமான காரணங்களில் ஒன்று சிக்கிவிடும். 34 வயதில், இவை எதுவும் இல்லாமல் வந்தால் ரத்தத்தையே சந்தேகிக்க வேண்டும். முதல் சந்தேகம் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகத் தன் சொந்தப் புரதங்களையே எதிர்த்து, ரத்தத்தைத் தேவையில்லாத இடத்தில் உறைய வைக்கும் நோய். 1983-ல் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். காலில், நுரையீரலில், மூளையில், கண்ணில், நஞ்சுக்கொடியில் என்று எங்கும் இது வேலையைக் காட்டலாம். கருவுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு இதுதான். கரு எந்த வாரத்தில் கலைந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பத்து வாரத்தைத் தாண்டி, வளர்ச்சியில் குறையில்லாத கரு காரணமின்றிப் போயிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

ரத்தத்தில் இந்த நோய்க்குரிய ஆன்டிபாடிகளை, அதாவது தவறுதலாக உருவான எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் பரிசோதனை மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருப்பவரின் ரத்தம் சோதனைக்குழாயில் வழக்கத்தைவிட மெதுவாக உறையும். உடம்புக்குள்ளோ வேகமாக உறையும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி என்ற சாதாரணப் பரிசோதனையில் நேரம் நீண்டு வந்ததைப் பார்த்து, 'உங்களுக்கு ரத்தம் கசியும் நோய்' என்று நேர்மாறாகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் போதாது. காய்ச்சல், தொற்று வந்துபோனாலும் இந்த ஆன்டிபாடிகள் சில காலம் தலைகாட்டும். குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் உறுதி. முதல் ரிப்போர்ட்டோடு இணையத்தில் தேடி உட்கார்ந்து அழாதீர்கள். முதல் ரிப்போர்ட் நார்மல் என்று சொன்னதும் கோப்பை மூடிவைத்துவிடவும் வேண்டாம்.

கேள்வி: மேலே உள்ளதைப் போலவே எனக்கும் அடைப்பு. நோய் உறுதியாகிவிட்டது. ரத்த நோய் மருத்துவர் வார்ஃபரின் கொடுக்கிறார். கண் மருத்துவர் மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார். ரத்தம் இளகினால் அடைப்பு தானாகக் கரையாதா? இரண்டும் எதற்கு?

பலர் சறுக்கும் இடம் இது. நான் தினமும் வெளிநோயாளிப் பிரிவில் சொல்லும் வாக்கியத்தையே இங்கேயும் எழுதுகிறேன்: மாத்திரை அடுத்த அடைப்பைத் தடுக்க, ஊசி இந்தக் கண்ணைக் காப்பாற்ற. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

வார்ஃபரின் ஏற்கெனவே உறைந்ததைக் கரைக்கும் மருந்து அல்ல. புதிதாக உறைவதைத் தடுக்கும். இருப்பதை உடம்பு மெல்ல மெல்லச் சரிசெய்ய வழிவிடும். அதற்குள் மேகுலாவில் தேங்கிய நீர் அங்குள்ள செல்களைக் கெடுத்துவிடும். விழித்திரைச் சிரை அடைப்பு வந்த எல்லோருக்கும் ரத்த இளக்கி கொடுப்பதால் பார்வை கூடுவதில்லை என்பதால்தான் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. உங்களுக்குக் கொடுப்பது கண்ணுக்காக மட்டும் அல்ல. மூளைக்காக, நுரையீரலுக்காக, மற்றக் கண்ணுக்காக.

ஊசியைப் பற்றிப் பயமாக இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன். முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து. பிறகு போவிடோன் அயோடின் விட்டு இமை, இமைமுடி எல்லாம் சுத்தம் செய்வார்கள். எரிச்சல் என்றால் உண்மையில் இந்தக் கட்டத்தில்தான். இமைகள் மூடாமலிருக்க ஒரு சிறு கம்பி. 'மேலே பாருங்கள்' என்பார்கள். கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் மயிரிழை போன்ற ஊசி உள்ளே போகும். மருந்தின் அளவு 0.05 மில்லிலிட்டர், ஏறக்குறைய ஒரு சொட்டு. அழுத்துவது போல் ஒரு உணர்ச்சி, அவ்வளவுதான். சில விநாடியில் முடிந்துவிடும். ஒரு நாள் இரண்டு நாள் கருப்புக் குமிழ் மிதப்பது போலத் தெரியலாம். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்து கூடினால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே கிருமித் தொற்று ஏற்படுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவுதான். ஏற்பட்டால் மணிக்கணக்கு முக்கியம்.

பெவாசிசுமேப், ரானிபிசுமேப், அஃப்லிபர்செப்ட் என்று மருந்துகள் பல. மூன்றுமே, அடைபட்ட விழித்திரை உதவி கேட்டு வெளியிடும் விஇஜிஎஃப் என்ற வேதிப்பொருளை முடக்குகின்றன. வீக்கம் வடியும். எத்தனை ஊசி என்று இப்போதே சொல்ல முடியாது. விழித்திரை வீக்கத்தை அளக்கும் ஓசிடி ஸ்கேன்தான் சொல்லும். வார்ஃபரினை இந்த ஊசிக்காக நிறுத்த வேண்டியதில்லை. 'ஊசிக்கு முன் மூன்று நாள் மாத்திரையை விட்டுவிடுங்கள்' என்று யாராவது சொன்னால் ரத்த நோய் மருத்துவரிடம் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் ஒரு சிவப்புத் திட்டு வரும், இரண்டு வாரத்தில் போய்விடும். மாத்திரையை விட்டதால் வரும் பக்கவாதம் அப்படிப் போகாது.

இன்னொன்று. ரத்த ஓட்டம் மிக மோசமாக நின்றுபோன கண்களில், சில வாரங்கள் கழித்துக் கருவிழிக்குப் பின்னால் உள்ள ஐரிஸ் மேல் புதுப்புது ரத்தக்குழாய்கள் முளைத்து, கண் நீர் வெளியேறும் பாதையை மூடிவிடும். பழைய மருத்துவர்கள் இதை 'நூறு நாள் கிளாக்கோமா' என்பார்கள். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வருவதால் அந்தப் பெயர். பார்வை போனது போகட்டும் என்று விட்டுவிட்டவர்கள் தாங்க முடியாத வலியோடு திரும்பி வருவது இதனால்தான். ஆகவே 'இந்தக் கண்ணில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை' என்று நீங்களே முடிவு செய்து பரிசோதனையை நிறுத்தக் கூடாது. ஆரம்பத்திலேயே கண்டால் லேசரும் ஊசியும் கொண்டு அடக்கிவிடலாம்.

கடைசியாக, வார்ஃபரின் சாப்பிடுகிறவர், ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைத் தொல்லையில்லாத புது மாத்திரைகளுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மூன்று ஆன்டிபாடிகளும் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவாரோக்ஸபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளிவந்தது. புது மாத்திரை எடுத்தவர்களுக்கே அடைப்புகள் அதிகம் வந்தன. மாறாதீர்கள். குழந்தை வேண்டும் என்று திட்டமிட்டால் மட்டும், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அந்தக் காலத்துக்கு ஹெபாரின் என்ற ரத்த இளக்கி ஊசிக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கும் மாற்றுவார்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது, 20 வருடமாக ரத்த அழுத்தம். ஒரு கண்ணில் கிளைச் சிரை அடைப்பு. ஃபேக்டர் 5 லைடன், புரோட்டீன் சி, எஸ் என்று மரபணுப் பரிசோதனை முழுவதையும் செய்துவிடலாமா?

வேண்டாம்.

கிளைச் சிரை அடைப்பு பெரும்பாலும் தமனியும் சிரையும் குறுக்கே கடக்கும் இடத்தில் வருகிறது. அங்கே இரண்டுக்கும் ஒரே உறை. ரத்த அழுத்தத்தால் தடித்த தமனி, மெல்லிய சிரையை அழுத்திவிடுகிறது. 20 வருட ரத்த அழுத்தம் கண்ணெதிரே இருக்கும்போது அபூர்வக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபேக்டர் 5 லைடன் 1994-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டுபிடிக்கப்பட்ட, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் மரபணு மாற்றம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு இருக்கிறது; கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அபூர்வம். இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். இந்த வயதில் அது பாசிட்டிவ் என்று வந்தாலும் அப்பாவின் சிகிச்சை ஒரு எழுத்துக்கூட மாறாது. வீட்டில் எல்லோருக்கும் கவலை மட்டும் கூடும்.

செய்ய வேண்டியவை எளிய விஷயங்கள்: ரத்த அழுத்தத்தை ஒழுங்காக அளந்து கட்டுப்படுத்துவது, சர்க்கரை, கொழுப்பு, இரண்டு கண்ணிலும் நீர் அழுத்தம், ஒரு முழு ரத்த எண்ணிக்கை. கடைசியில் சொன்னதை யாரும் மதிப்பதில்லை. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகும் பாலிசைத்தீமியா, தட்டணுக்கள் பெருகும் நோய் ஆகியவை அந்த ஒற்றைத் தாளிலேயே தெரிந்துவிடும்.

பின்னே இந்த அபூர்வப் பரிசோதனைகள் யாருக்கு? 50 வயதுக்குக் கீழே காரணமில்லாமல் அடைப்பு வந்தவருக்கு, இரண்டு கண்ணிலும் வந்தவருக்கு, கால், நுரையீரல் என்று வேறு இடத்திலும் உறைந்தவருக்கு, குடும்பத்தில் இளம் வயதிலேயே ரத்தம் உறைந்தவர்கள் இருப்பவருக்கு. அவர்களுக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். புதிதாக உறைந்த சூட்டோடு எடுத்தால், ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் புரதங்களான புரோட்டீன் சி, எஸ், ஆன்டித்ராம்பின் எல்லாமே பொய்யாகக் குறைந்து காட்டலாம். வார்ஃபரின் சாப்பிட்டால் சி-யும் எஸ்-ஸும் குறையும். கர்ப்ப காலத்தில் எஸ் குறையும். நேரம் தவறி எடுத்த ஒரு ரிப்போர்ட்டால் 'பரம்பரை நோயாளி' என்ற பட்டத்தை ஆயுள் முழுக்கச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: வயது 27. மூன்று மாதமாகக் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். மூன்று வாரமாகத் தலைவலி, படுத்தால் அதிகம். குனிந்து நிமிர்ந்தால் இரண்டு கண்ணும் சில விநாடி கருப்பாகி, பிறகு தெளிகிறது. கண்ணாடிக் கடையில் பார்த்தார்கள், பார்வை ஆறுக்கு ஆறு, சரியாக இருக்கிறது என்றார்கள். அலட்சியப்படுத்தலாமா?

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அலுவலகத்திலிருந்து உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இது கண்ணாடிக் கடை விஷயமே இல்லை. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் பெரிய சிரைகளில் ரத்தம் உறைந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பார்வை நரம்பின் உறை வழியே கண்ணுக்குப் பின்னால் வந்து நரம்பின் முனையை வீங்க வைக்கும். குனியும்போது விநாடிக் கணக்கில் இருட்டிக்கொண்டு வருவது அந்த வீக்கத்தின் அடையாளம். சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியும்; காதில் இரைச்சலும் கேட்கலாம். மோசம் என்னவென்றால், நேர்ப்பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கும். பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். சுற்றுப்பார்வைதான் முதலில் சுருங்கும். மையம் மங்கத் தொடங்கும்போது நரம்பு நிறையவே செத்திருக்கும்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், உடம்பில் நீர் வற்றுதல், இவற்றோடு பிறவியிலேயே உறையும் தன்மை கூடுதலாக இருந்தால் ஆபத்து பல மடங்கு. மாத்திரை எடுக்கும் பெண்களில் மிகச் சிலருக்கே இது வருகிறது, எல்லோரும் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் மாத்திரை எடுக்கும்போது புதிதாகத் தலைவலியும் கண் இருட்டலும் சேர்ந்து வந்தால் அன்றே கண்மணியை விரித்து நரம்பைப் பார்க்க வேண்டும். வீங்கியிருந்தால் சிரைகளைக் காட்டும் எம்ஆர்ஐ அன்றே எடுக்க வேண்டும். சிகிச்சை ஹெபாரின். மூளையில் சிறு கசிவு தெரிந்தாலும் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் கசிவுக்கே காரணம் அடைப்புதான். இனி ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது. வேறு முறைகள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பத்து நிமிடம் ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்கிய மாதிரி இருட்டி, பிறகு முழுதாகத் திரும்பிவிட்டது. திரும்பிவிட்டதால் விட்டுவிடலாம்தானே?

திரும்பியது உங்கள் அதிர்ஷ்டம். விழித்திரைத் தமனியை ஏதோ ஒன்று தற்காலிகமாக அடைத்து விலகியிருக்கிறது. இது குட்டிப் பக்கவாதத்துக்குச் சமம். அடுத்தது மூளையில் வரலாம், அதுவும் சில நாட்களுக்குள்ளேயே. கழுத்துத் தமனி, இதயம், ரத்தம் மூன்றையும் உடனே பார்க்க வேண்டும். வயது குறைவாக இருந்தால் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனையும் வேண்டும். வயதானவர் என்றால் நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி இருக்கிறதா என்றும் கேட்போம், அது வேறு நோய்.

திரை விலகவே இல்லையென்றால் கண் மருத்துவமனையைத் தேடாதீர்கள். பக்கவாதம் பார்க்கும் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். குரங்குகளிடம் சோகன் சிங் ஹைரே என்ற கண் மருத்துவர் செய்த ஆய்வுகளில், தமனி சுமார் நான்கு மணி நேரம் முழுதாக அடைபட்டால் விழித்திரை மீளாமல் அழிந்துவிடுவதைக் கண்டார். காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடுகிறவருக்குக் காலையில் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

கேள்வி: எங்கள் பெண் குழந்தை பிறந்த இரண்டாம் நாளே தோலில் கருநீலத் திட்டுகள். இரண்டு கண்மணியும் வெள்ளையாகத் தெரிந்தன. புரோட்டீன் சி சுத்தமாக இல்லை என்றார்கள். உயிர் பிழைத்துவிட்டாள், பார்வை இல்லை. கர்ப்பத்தில் நான் செய்த தவறு ஏதாவது காரணமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

அம்மா, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. உங்கள் உணவோ வேலையோ மனக்கவலையோ இதற்குக் காரணம் இல்லை. உங்களிடமும் கணவரிடமும் இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருந்திருக்கிறது. மறு பிரதி நன்றாக இருப்பதால் இருவருக்கும் வெளியே தெரியவில்லை. குழந்தைக்கு இரண்டும் பழுதானவையாக வந்து சேர்ந்துவிட்டன.

ரத்தம் உறையத் தொடங்கினால் 'போதும்' என்று நிறுத்தும் புரதம் அது. இல்லாத குழந்தைக்குத் தோலின் நுண்குழாய்களிலும், மூளையிலும், கண்ணிலும் ரத்தம் உறைந்துகொண்டே போகும். கண்ணில் நடந்தது பெரும்பாலும் கருப்பையிலேயே நடந்து முடிந்திருக்கும்: விழித்திரைக் குழாய்கள் அடைபட்டு, உள்ளே ரத்தம் கசிந்து, விழித்திரை பிரிந்து, அதுதான் கண்மணியில் வெள்ளையாகத் தெரிகிறது. பிறந்த பிறகு ஓடிவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று உங்கள் கணவர் தன்னை நொந்துகொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கருப்பையிலேயே முடிந்துவிட்டது என்ற வரியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த குழந்தைக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மரபணு மாற்றம் எது என்று இந்தக் குழந்தையிடம் கண்டறிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பரிசோதித்துத் தெரிந்துகொள்ள முடியும். கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் இருவருக்கும்கூட ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை என்று வரும்போது மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். வார்ஃபரின் தொடங்க நேர்ந்தால் முதலில் ஹெபாரினின் துணையோடுதான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் தோல் கருகும் ஆபத்து புரோட்டீன் சி குறைந்தவர்களுக்கு உண்டு.

குழந்தைக்கு புரோட்டீன் சி செறிவு மருந்து, பிளாஸ்மா, ரத்த இளக்கி என்று சிகிச்சை தொடரும். கண்ணைப் பொறுத்தவரை, பார்வை மீளாவிட்டாலும் கண்ணில் வலி வராமலும் கண் சுருங்காமலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பார்வையற்ற குழந்தைக்கான தொடு பயிற்சி, ஒலிப் பயிற்சியை இந்த மாதமே தொடங்குங்கள், பள்ளி வயது வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: எந்தக் குழந்தையின் கண்மணியிலும் வெள்ளை தெரிந்தால், புகைப்படத்தில் தெரிந்தாலும் சரி, அந்த வாரமே காட்டுங்கள். கண்புரையாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தாமதிக்கக்கூடிய காரணம் ஒன்றுகூடக் கிடையாது.

கேள்வி: ஆறு வயது மகனின் மேல் இமைக்குள் கெட்டியான சவ்வு வளர்கிறது. இரண்டு முறை வெட்டி எடுத்தார்கள், முன்பைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. ஈறும் தடித்திருக்கிறது. ஒவ்வாமை என்கிறார்கள்.

இமையைத் திருப்பித் தொட்டுப் பார்த்தால் மரப்பட்டை போலக் கெட்டியாக, மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கிறதா? ஈறும் தடித்திருக்கிறது என்பதைப் படித்ததும் எனக்கு பிளாஸ்மினோஜன் குறைபாடுதான் நினைவுக்கு வருகிறது. மிக மிக அபூர்வம். பல கண் மருத்துவர்கள் ஒன்றுகூடப் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள்.

காயம் ஆறும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற இழையைக் கரைத்து அப்புறப்படுத்துவது பிளாஸ்மினோஜனின் வேலை. அது இல்லாததால் இழை கரையாமல் தங்கித் தங்கிச் சவ்வாகக் கெட்டிப்படுகிறது. வெட்டினால் அது இன்னொரு காயம், அங்கே இன்னும் அதிக இழை. வெட்ட வெட்ட வளரும் காரணம் இதுதான். ஆகவே மூன்றாவது அறுவை சிகிச்சைக்கு இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ரத்தத்தில் பிளாஸ்மினோஜன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த சவ்வைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த முடிவையும் தேடி எடுங்கள். உறுதியானால் ஹெபாரின் சொட்டு, பிளாஸ்மாவிலிருந்து தயாரித்த சொட்டு என்று வழிகள் உண்டு. ரத்தத்தில் ஏற்றும் பிளாஸ்மினோஜன் மருந்துக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. சவ்வு கருவிழியை உரசினால் தழும்பு விழுந்து பார்வை போகும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மூச்சுக்குழாயிலும் வளரக்கூடும், குரல் கரகரத்தாலோ மூச்சில் சத்தம் வந்தாலோ உடனே சொல்லுங்கள்.

கேள்வி: 14 வயது மகன் வயதுக்கு மீறிய உயரம், ஒல்லி. கண் லென்ஸ் கீழே நகர்ந்துவிட்டது, அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். இதற்கும் ரத்தத்துக்கும் தொடர்பு உண்டா?

தேதி குறிக்கும் முன் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவைப் பார்த்துவிடுங்கள். மார்ஃபான் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நோயிலும் இதே உயரம், இதே ஒல்லி, லென்ஸ் நகர்வும் உண்டு. அதில் பெரும்பாலும் மேல்நோக்கி நகரும். கீழ்நோக்கி நகர்ந்தால், ஹோமோசிஸ்டீன் அளவு மீறும் ஹோமோசிஸ்டினூரியா என்ற நோயை நினைக்க வேண்டும். அந்த நோயில் ரத்தம் சுலபமாக உறையும், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சையின்போது குறிப்பாக. தெரிந்து செய்தால் ஆபத்தைக் குறைக்கலாம்: போதிய நீரேற்றம், முன்கூட்டிய மருந்து, நைட்ரஸ் ஆக்சைடு தவிர்ப்பு. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வைட்டமின் பி-6 ஒன்றே அளவைக் கணிசமாக இறக்கிவிடும்.

கேள்வி: ஹீமோஃபீலியா உள்ள பையன். பந்து கண்ணில் பட்டு, கருவிழிக்குள் ரத்தம் தேங்கியது. இப்போது சரியாகிவிட்டது. அடுத்த முறை என்ன செய்ய?

ஹீமோஃபீலியாவில் குறைவாக உள்ள, ரத்தம் உறைய உதவும் புரதத்தைத் தரும் ஃபேக்டர் ஊசி முதலில். ஸ்கேனும் பரிசோதனையும் அப்புறம். கண்ணை அழுத்தாமல் மேலே ஒரு கவசம், தலையை உயர்த்திச் சாய்ந்த நிலை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் கூடவே கூடாது. முதல் ரத்தம் வடிந்துவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில், இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், மறுபடி கசியும் வாய்ப்பு உண்டு. அதுதான் கண் அழுத்தத்தை ஏற்றிக் கெடுக்கும். அதனால் அந்த நாட்களில் ஃபேக்டரை எத்தனை நாள் தொடர்வது என்று ரத்த நோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். விளையாட்டை நிறுத்த வேண்டாம், எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி மாட்டி விளையாடட்டும்.

கேள்வி: வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கண்புரை அறுவை சிகிச்சைக்கு நிறுத்த வேண்டுமா?

ஐஎன்ஆர் எல்லைக்குள் இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. வெட்டுப்படும் கருவிழி ஓரத்தில் ரத்தக்குழாய் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்க வைப்பதில்தான் கசிவு ஆபத்து. சொட்டு மருந்தாலேயே மரக்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த வாரத்தில் ஐஎன்ஆர் ஒரு முறை பார்த்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணும் போய்விடுமோ என்று தினமும் எழுந்ததும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டை ஒன்றைச் சுவரில் ஒட்டி, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். நாளுக்கு ஒரு முறை போதும், பத்து முறை வேண்டாம். கோடு நெளிந்தால், ஓர் இடம் காணாமல் போனால் அன்றே போங்கள். காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, ரத்த நோய்க்கு மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் மற்றக் கண்ணுக்கு ஆபத்து நன்றாகவே குறையும். காரணம் என்ன என்று உங்கள் கடிதத்தில் இல்லை, அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படியிறங்கும்போது, டம்ளரில் ஊற்றும்போது தூரம் தப்புகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பழக மாதங்கள் ஆகும், பழகிவிடும். அதுவரை ஊற்றும்போது கூஜாவின் மூக்கை டம்ளரின் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றுங்கள். பார்வைக் குறை இல்லாவிட்டாலும் உடையாத கண்ணாடி எப்போதும் மாட்டியிருங்கள். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அளவு, கடைசி ஐஎன்ஆர், இரண்டு மருத்துவர்களின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். கண் மருத்துவரிடம் போகும்போது ரத்த ரிப்போர்ட்டையும், ரத்த நோய் மருத்துவரிடம் போகும்போது கண் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள், பெரும்பாலும் பேசுவதில்லை.